புதுப்பிப்பு: தங்கையின் ஐஇஎல்டிஎஸ் வாசிப்புப் பயிற்சி

செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய்வரும் செவிலியரான என் தங்கை, ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வின் வாசிப்புப் பகுதியில் நேரம் போதாமல் தவிக்கிறாள் என்று முன்பு எழுதியிருந்தேன். சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதை விட்டு வாசிப்பைக் கூட்டச் சொன்னீர்கள். அதற்குப் பலன் தெரிகிறது.

60 நிமிடங்களில் 3 கட்டுரைகளைப் படித்து 40 வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். கட்டுரையில் உள்ள சொற்களையே வினாவில் தராமல் அதே கருத்தை வேறு சொற்களில் கேட்பார்கள் என்பதால், ரயிலில் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தைப் படிக்கும்போது புதிய சொல்லைத் தனியே எழுதாமல், அது வந்த வாக்கியத்தோடு குறித்துக்கொண்டு, அதே வாக்கியத்தை மாற்றியும் எழுதிப் பார்க்கிறாள்.

அவளை மிகவும் குழப்பியவை ‘சரி, தவறு, குறிப்பிடப்படவில்லை’ என்னும் வினாக்கள்தாம். தேயிலை பல நாடுகளில் விளைகிறது என்று மட்டும் கட்டுரை கூறியிருக்க, சீனாவில்தான் மிகுதியாக விளைகிறது என்று வினா வந்தால், அது உண்மையே என்று நாம் அறிந்திருந்தாலும் விடை ‘குறிப்பிடப்படவில்லை’ என்பதே. இது பிடிபட்ட பிறகு அவளிடம் தெளிவு வந்திருப்பதைக் காண எனக்குப் பெரும் நிறைவு.

பத்திகளுக்குத் தலைப்புப் பொருத்தும் வினாக்களில் மட்டும் இன்னும் தடுமாறுகிறாள். அவற்றை விரைந்து முடித்தவர்கள் தங்கள் முறையை எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.