'கான்' என்ற கப்பல் சொல்லுக்குத் தமிழில் என்ன எழுதுவது?

மொழிபெயர்க்கிறவள்:
அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பலில் நடக்கும் கதை ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பணி மாறும் நேரத்தில் ஓர் அதிகாரி வந்து, 'ஐ ஹேவ் த கான்' என்கிறார். கதை நகர்ந்துவிடுகிறது, நான் மட்டும் மூன்று நாளாக அந்த வரியிலேயே நிற்கிறேன். "சுக்கான் என் கையில்" என்று எழுதினேன். இரண்டு வரி தள்ளிப் பார்த்தால் சுக்கானைப் பிடித்திருப்பவன் வேறொருவன்! இதே சொல் வேறோர் இடத்தில் வினையாகவும் வருகிறது. யாராவது கைகொடுங்கள்.

சொல்வேட்டை:
அகராதியைத் திறந்ததும் 'ஏமாற்று' என்ற பொருள் கண்ணில் பட்டிருக்குமே, அந்தப் பக்கம் போகாதீர்கள். அது வேறு சொல். 1849-இல் நியூயார்க்கில் ஒருவன், "என்மேல் நம்பிக்கை இருந்தால் உங்கள் கைக்கடிகாரத்தை நாளைவரை கொடுத்து வையுங்கள்" என்ற பாணியில் பேசிப் பலரிடம் கறந்தான். 'கான்ஃபிடன்ஸ் மேன்' என்ற பட்டம் அவனுக்குக் கிடைத்தது. அதன் சுருக்கம்தான் அந்தக் 'கான்'. மனப்பாடம் செய்வதைக் குறிக்கும் இன்னொரு 'கான்' உண்டு. கப்பல்காரர்களுடையது மூன்றாவது.

பழைய சுக்கானி:
சரக்குக் கப்பல்களில் முப்பத்தொரு ஆண்டு சுக்கான் பிடித்தவன் நான். அம்மா, உங்கள் வரியில் தவறு இதுதான்: 'கான்' செய்பவர் சக்கரத்தைத் தொடவே மாட்டார். எவ்வளவு திருப்ப வேண்டும், எப்போது நேராக்க வேண்டும் என்று ஆணையிடுவதற்குத்தான் அந்தப் பெயர். வாயால் வடை சுடுவதைக் கேலி செய்வோம். இவர்கள் வாயாலேயே கப்பல் ஓட்டுகிறவர்கள், அதுவும் ஒழுங்காக.

துறைமுகத்துக்குள் நுழையும்போது, கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் கயிற்றேணியில் ஏறி வருவார். கையில் தேநீர்க் கோப்பை, பார்வை ஜன்னலுக்கு வெளியே. என் பக்கம் திரும்பாமலே "ஸ்டார்போர்டு டென்" என்பார், அதாவது சுக்கானை வலப்பக்கம் பத்து டிகிரி திருப்பு என்று. நானும் உரக்க "ஸ்டார்போர்டு டென்" என்று சொல்லிச் சக்கரத்தைத் திருப்புவேன். எதிரே சுக்கானின் கோணத்தைக் காட்டும் முள் மெல்ல நகர்ந்து பத்தைத் தொட்டதும் அதை மறுபடி அறிவிப்பேன். முன்னால் என்ன வருகிறது என்று எட்டிப் பார்ப்பது என் வேலையல்ல. என் கண் முள்ளிலும் திசைகாட்டியிலும் இருக்க வேண்டும்.

பிரெஞ்சு மொழியில் 'கோந்துயிர்' என்றால் நடத்திச் செல்வது. அது ஆங்கிலத்தில் 'காண்ட்' என்று தேய்ந்து, பிறகு 'கான்' ஆனது. மூலம் லத்தீன். நம் பஸ் கண்டக்டரும் அதே குடும்பம்தான்! பஸ் பின்னால் வரும்போது ஸ்டியரிங் ஓட்டுநரிடம் இருக்கும், கீழே இறங்கி நின்று விசிலடித்து "வரலாம், வரலாம், நில்!" என்பவர் கண்டக்டர். அந்த நேரத்தில் அவர் செய்வது அசல் 'கான்'.

'கானிங் டவர்' என்று உங்கள் கதையில் வந்தால், பழைய நீர்மூழ்கிகளின் முதுகில் கோபுரம்போல எழும்பி நிற்கும் அறை அது. இந்த ஆணைகளைத் தரும் இடம் என்பதால் அந்தப் பெயர்.

மணல்மேடு:
குறுக்கே ஒரு கேள்வி. பனிப்பாறையைக் கண்டதும் டைட்டானிக்கில் 'ஸ்டார்போர்டு', அதாவது வலப்பக்கம், என்று ஆணையிட்டார்களாம். கப்பலோ இடப்பக்கம் திரும்பியது. சுக்கானி குழம்பிவிட்டாரா?

பழைய சுக்கானி:
பாவம், அவர்மேல் பழி போடாதீர்கள். அது 1912. ஆணை என்பது சக்கரம் வருவதற்கு முந்தைய காலத்து வழக்கப்படி, சுக்கானின் கைப்பிடிக் கட்டைக்குத் தரப்பட்டது. கட்டையை வலப்பக்கம் தள்ளினால் சுக்கானின் அலகு இடப்பக்கம் போகும், கப்பலின் முகமும் இடப்பக்கம் திரும்பும். கட்டை கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் பேச்சு மாறவில்லை. பிரிட்டனில் 1933-இல்தான், எந்தப் பக்கம் சொல்கிறார்களோ அந்தப் பக்கமே கப்பல் திரும்ப வேண்டும் என்று ஆனது. அந்தக் குழப்பம் இல்லாத காலத்திலேயே, வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் 'போர்ட்', அதாவது இடப்பக்கம், என்று வாயால் சொல்லிக்கொண்டே கையை வலப்பக்கம் திருப்பியிருக்கிறேன். பைலட் அப்போதுதான் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார்.

மொழிபெயர்க்கிறவள்:
"ஏவல் என்னிடம்" என்று வைத்துக்கொள்ளலாமா? வினையாக வரும் இடத்தில் "கப்பலை ஏவினார்"?

சொல்வேட்டை:
'ஏவல்' என்றதும் வாசகருக்குப் பில்லிசூனியம் நினைவுக்கு வரும். "கப்பலை ஏவினார்" என்றால் ராக்கெட்!

பழைய சுக்கானி:
"சுக்கான் ஆணை இனி என்னுடையது" என்று எழுதுங்கள். வினைக்கு, "ஆணையிட்டுச் செலுத்தினார்". சற்று நீளம்தான், ஆனால் எங்கள் ஆட்களுக்குப் புரியும். மூலத்தில் அடுத்த வரியைப் பாருங்கள்: சக்கரத்தில் நிற்பவன் கேட்டுக்கொண்டதாகக் குரல் கொடுக்கிறானா? கொடுத்தால், தேவையற்ற வரி என்று வெட்டிவிடாதீர்கள்.