மதிலுக்குக் காசு, வாங்கில் வெற்றிடம்: இதுவா இயேசுவைப் பின்பற்றுவது?

வடலி:
எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பெருநாளுக்கு முன்பாகக் கோயில் மதிலை இடித்துவிட்டுப் புது மதில் எழுப்புகிறார்கள். கனடாவிலும் சுவிஸிலும் இருக்கும் எங்கள் ஊரவர்கள் காசு அனுப்பியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை.

கோயிலுக்குப் பின் ஒழுங்கையில் ஒரு பெண் இருக்கிறார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. நுண்கடன் எடுத்து மாட்டிக்கொண்டார். ஐந்து பெண்கள் சேர்ந்து எடுத்த குழுக்கடன் அது. ஒருவர் தவணை தவறினால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். வசூலுக்கு வருகிறவர் அவருடைய முற்றத்து வேம்பின் கீழ் கதிரையைப் போட்டால் பொழுது சாயும்வரை எழும்புவதில்லை. அந்த நால்வரில் மூவர், அயல் வீடுகள் கூடிச் செபிக்கும் எங்கள் அன்பியத்தைச் சேர்ந்தவர்கள். இப்போது திருப்பலியில் அவர் இருக்கும் வாங்கில் அவர்கள் இருப்பதில்லை. சமாதானம் பகிரும் நேரத்தில் மறுபக்கம் திரும்பிக் கும்பிடுகிறார்கள்.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இதற்குப் பெயர் கிறிஸ்தவ சமூகமா?

மார்கழிப்பூ:
இதனால்தான் நான் போவதை நிறுத்தினேன் தம்பி. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் பசித்தவனுக்குக் கொடுத்தாயா, சிறையில் வந்து பார்த்தாயா என்றுதான் கேட்கப்படுகிறது. எந்தப் பங்கில் பதிவு என்று கேட்கப்படவில்லை. 1658இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்துக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். கோயிலும் இல்லை, குருவும் இல்லை. விசுவாசம் அழிந்தா போனது? இயேசுவைப் பின்பற்ற எனக்குப் பங்குச் சபையின் தயவு தேவையில்லை.

தீவகத்தான்:
அக்கா, நீங்கள் எடுத்த வரலாறு உங்களுக்கே எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. 1687இல் கோவாவைச் சேர்ந்த குருவான யோசப் வாஸ் அடிகளார் கூலியாளின் கோலத்தில் இங்கே வந்து இறங்கியபோது நோயில் வாடிப்போயிருந்தார். ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள் தனியே நல்லவராக இருந்திருந்தால் அவரைக் காப்பாற்றியது யார்? யாழ்ப்பாணத்துச் சில்லாலை ஊர் மக்கள் அவரை ஒளித்து வைத்தார்கள். ஒருவர் வாய் திறந்திருந்தால் ஊரே அகப்பட்டிருக்கும். கட்டிடம் இல்லாமல் அவர்கள் இருந்தது உண்மை, ஆனால் ஒருவரையொருவர் விட்டு இருக்கவில்லை. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்தக் குடும்பங்களைத்தான் நான் நினைத்துக்கொண்டேன்.

மார்கழிப்பூ:
சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். சில்லாலையில் ஒளித்து வைத்தார்கள். வடலியின் பங்கில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுக்க என்னால் முடியாது.

கிளாலி:
கோயிலுக்குச் செய்கிறதைப் பார்த்தால் சிலருக்கு உடனே ஏழைகளின் ஞாபகம் வந்துவிடும். பெத்தானியாவில் மரியா விலையுயர்ந்த தைலத்தை ஆண்டவரின் பாதங்களில் பூசியபோது, ‘இதை விற்று ஏழைகளுக்குக் கொடுத்திருக்கலாமே’ என்று கேட்டவன் யார் என்பதை யோவான் 12ஆம் அதிகாரத்தில் பாருங்கள், காட்டிக்கொடுத்த யூதாஸ்தான். ஏழைகள் எப்போதும் உங்களோடு இருக்கிறார்கள் என்பதுதான் ஆண்டவர் கொடுத்த பதில். மதிலும் காணிக்கைதான். மாடு உள்ளே வந்து பூங்கன்றுகளைத் தின்னும்போது உங்களில் யார் வந்து துரத்தினீர்கள்?

தீவகத்தான்:
மாட்டு விஷயத்தில் அண்ணர் சொல்வது நியாயம். ஆனால் அந்த வசனத்தைப் பாதியில் விட்டுவிட்டீர்கள். இயேசு அங்கே நினைவூட்டுவது இணைச்சட்டம் 15ஆம் அதிகாரத்தை. நாட்டில் ஏழைகள் என்றும் இருப்பார்கள், ஆகவே உன் கையைத் தாராளமாகத் திற என்று அதே வசனம் தொடர்கிறது. அந்த அதிகாரம் எதைப்பற்றியது? ஏழாம் ஆண்டில் கடனைத் தள்ளுபடி செய்வதைப்பற்றி! கடன்பட்டு நிற்கும் பெண்ணுக்கு எதிராக எடுக்கக்கூடிய கடைசி வசனம் அது. மரியாவும் தன் சொந்தத் தைலத்தைத்தான் ஊற்றினார், ஊர்க்காசில் வாங்கி அல்ல.

கிளாலி:
கடனைக் கோயில் அடைத்தால் அடுத்த கிழமை இருபது பேர் வரிசையில் நிற்பார்கள். அப்போது என்ன செய்வதாக உத்தேசம்?

வடலி:
நிற்கட்டும், அண்ணா. இருபது பேர் கடனில் இருக்கிறார்கள் என்பது பங்குக்கு அப்போதாவது தெரியவரும். எனக்கு உறுத்துவது வேறொன்று. ஒருத்தி விழுந்தால் மற்றவர்கள் தாங்க வேண்டும் என்ற விதியைக் கடன் கொடுத்தவன் எழுதி ஐந்து பேரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறான். திருத்தூதர் பணிகள் 2ஆம் அதிகாரத்தில் ஆதித் திருச்சபை தேவைக்கேற்பப் பகிர்ந்துகொண்டதை நாங்களும் வாசிக்கிறோம், வாசித்துவிட்டு இருந்துவிடுகிறோம். வட்டிக்காரன் இலாபத்துக்காகக் கட்டிய கூட்டு எங்கள் அன்பியத்தைவிட இறுக்கமாக இருக்கிறது.

புங்கை:
நான் தென்னிந்தியத் திருச்சபை. ஒன்று சொல்கிறேன், கோபிக்க வேண்டாம். வாங்கு பிரிந்தது கடனால் மட்டும் என்று நினைக்காதீர்கள். எந்தக் குடும்பம் எங்கே இருக்கும், யார் வீட்டில் யார் தேநீர் குடிப்பார்கள் என்பது எங்கள் பக்கத்திலும் சாதி பார்த்தே நடந்தது. இன்னும் முழுதாகப் போகவில்லை. கொரிந்து சபையில் ஒருவன் பசியோடிருக்க இன்னொருவன் குடித்து வெறித்திருந்தான். நீங்கள் கூடி உண்பது ஆண்டவரின் விருந்தே அல்ல என்று பவுல் எழுதினார். ஆனால் கூடுவதை விட்டுவிடுங்கள் என்று அவர் எழுதவில்லை, மார்கழிப்பூ அக்கா.

மார்கழிப்பூ:
அவர் கடிதம் எழுதிவிட்டுத் தூரத்தில் இருந்தார். நான் அதே வாங்கில் நெடுங்காலம் இருந்தவள். அந்தப் பெண்ணின் தவணைக்கு என் பங்கைத் தருகிறேன். கோயிலுக்கு வா என்று மட்டும் கேட்காதீர்கள்.

வடலி:
நன்றி அக்கா, கேட்கமாட்டேன். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் பங்குச் சபை கூடுகிறது. மதில் கணக்கோடு அந்தப் பெண்ணின் தவணை அட்டையின் பிரதியையும் வைக்கப் போகிறேன், அவர் சம்மதித்துவிட்டார். அந்த மூவரிடமும் முதலில் பேசுகிறேன், அவர்களும் சுமக்க முடியாமல்தான் முகத்தைத் திருப்புகிறார்கள். கிளாலி அண்ணா, நீங்கள் சபையில் இருப்பவர் என்று நினைக்கிறேன். இந்த விஷயத்தை நிகழ்ச்சி நிரலில் சேர்ப்பீர்களா?

கிளாலி:
கடைசி விடயமாகச் சேர்க்கலாம். மதில் முதலில்.