அக்வாமேன்: கிராபிக்ஸ் பார்த்து வாயப் பொளந்தாச்சு, கதை மட்டும் ஏன் மனசுல நிக்கல?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மக்களே ரொம்ப நாளா மனசுல கிடக்கற கேள்வி, இங்க சினிமா தெரிஞ்சவங்க நெறைய பேர் இருக்கீங்க, சொல்லுங்க. அக்வாமேன், அதான் அந்த ஹாலிவுட் கடல் சூப்பர் ஹீரோ படம், ரிலீஸ் ஆன அன்னைக்கே பார்த்தேன், 2018 டிசம்பர் 14, அன்னைக்கு கேரளா முழுக்க ஹர்த்தால், இங்க கடை கண்ணி எதுவும் திறக்கல, பசங்க எல்லாம் பைக் எடுத்துட்டு கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டி பொள்ளாச்சி போய் தமிழ் டப்பிங்ல பார்த்துட்டு வந்தோம். போன வாரம் வீட்டுக்கு புது டிவி வந்துச்சு, அக்கா பையன் அதைத்தான் போடணும்னு ஒரே அடம், மறுபடி முழுசா பார்த்தேன்.

அந்த ட்ரெஞ்ச் சீன், கடல் பள்ளத்துல இருக்கற ஜந்துங்க தாக்க வர்ற இடம், இப்பவும் மிரட்டுதுங்க. ராத்திரி, புயல், சின்னப் படகு, சுத்திலும் அந்த ஜந்துங்க ஏறி வருது, ஹீரோ ஆர்தரும் கடல் இளவரசி மேராவும் சிவப்பு ஃப்ளேரைப் பத்த வச்சுட்டு கடல்ல குதிக்கறாங்க, கேமரா அப்படியே பின்னாடி போகப் போக கும்மிருட்டுல அந்த ஒரு துளி சிவப்பு வெளிச்சம் கீழ இறங்குது, அதைச் சுத்தி ஆயிரக்கணக்குல ஜந்து வால் மாதிரி தொடர்ந்து வருது. அந்த ஒரு ஷாட்டை பிரேம் போட்டு சுவத்துல மாட்டலாம்.

ஆனா படம் முடிஞ்சப்ப அன்னைக்கும் சரி இன்னைக்கும் சரி, ஆர்தருக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு ஒரு கவலையும் வரல. அண்ணன் தம்பி சிம்மாசனச் சண்டை, தொலைஞ்சு போன திரிசூலம், செத்துட்டதா நெனச்ச அம்மா உயிரோட வர்றது, எல்லாமே நாம அம்புலிமாமா காலத்துல இருந்து கேட்ட கதை, அது தப்பில்ல, தெரிஞ்ச கதையே எத்தனையோ தடவை அழ வச்சிருக்கு. 2004-ல வந்த ஸ்பைடர்மேன் 2-ல ட்ரெயினை நிறுத்திட்டு மயங்கி விழறவனை ஜனங்க தலைக்கு மேல தூக்கி உள்ள கொண்டு போவாங்களே, கிராபிக்ஸ் இப்ப பழசா தெரியுது, ஆனா தொண்டை இன்னும் அடைக்குது. இதுல ஏன் அப்படி ஒரு இடம்கூட இல்ல?

ரெண்டர்ராசா:

நான் சென்னையில கம்ப்போசிட்டிங், அதாவது தனித்தனியா எடுத்ததையும் கிராபிக்ஸையும் ஒரே ஷாட்டா ஒட்டற வேலை பாக்கறேன், சொந்த ஊர் சித்தூர் தாலுகாதான். முதல்ல அந்த வேலையோட கஷ்டத்தைச் சொல்லிடறேன், ஏன்னா கிராபிக்ஸ் சூப்பர்னு ஒரு வரியில எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. அந்தப் படத்துல தண்ணிக்குள்ள நடக்கற சீன் பெரும்பாலும் தண்ணியே இல்லாம எடுத்தது. நடிகர்களை இடுப்புல ரிக் மாட்டி அந்தரத்துல தொங்கவிட்டு, பின்னாடி ப்ளூ ஸ்கிரீன், முடியை இறுக்கிக் கட்டிடுவாங்க. அப்புறம் ஒவ்வொரு ஷாட்லயும் தலைமுடியை கம்ப்யூட்டர்ல புதுசா வளர்த்து, தண்ணிக்குள்ள எப்படி அலையும்னு சிமுலேஷன் ஓட்டி, நெத்தி ஓரத்துல நிஜத் தோலும் பொய் முடியும் சேர்ற இடம் தெரியாம ஒட்டணும். மேராவோட அந்த செவப்பு முடி இருக்கே, அது முகத்து மேல வந்து விழுந்தா அதோட நிழலும் விழணும், பேசும்போது கழுத்து ஆடினா முடி ஒரு நொடி தாமதமா ஆடணும். ஐஎல்எம் மாதிரி பெரிய கிராபிக்ஸ் ஸ்டுடியோக்கள் பல சேர்ந்து செஞ்ச வேலை அது. அந்த வருஷ ஆஸ்கர்ல விஎஃப்எக்ஸ், அதாவது கிராபிக்ஸ் நாமினேஷன்ல கூட இது இல்ல, விருது ஃபர்ஸ்ட் மேன் படத்துக்கு போச்சு, எனக்கு இன்னும் அது ஆறல.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அடுத்த தடவை பார்க்கும்போது ஒண்ணு கவனிங்க. ரெண்டு பேர் மனசு விட்டுப் பேச ஆரம்பிச்சாலே எதாவது வெடிக்கும். ஆரம்பத்துல லைட்ஹவுஸ் வீட்டுல அம்மா அப்பா குழந்தை சந்தோஷமா இருக்காங்க, டமால், சிப்பாய்ங்க சுவரை உடைச்சுட்டு வர்றாங்க. முங்கின கப்பல்ல ஆர்தரோட குரு வல்கோவும் மேராவும் ஆர்தர்கிட்ட திட்டம் சொல்றாங்க, அங்கயும் டமால். சிசிலியில அவங்க ரெண்டு பேருக்குள்ள ஒரு நெருக்கம் வருது, அப்பத்தான் ஆர்தரைப் பழிவாங்கத் துடிக்கற வில்லன் மேன்டா வந்து வெடிக்க விடறான். முதல் தடவை தூக்கிவாரிப் போடுது, மூணாவது தடவை நமக்கே தெரிஞ்சுடுது இப்ப வெடிக்கப் போகுதுன்னு. ஒரு பேச்சையும் அது எங்க போய் முடியணுமோ அங்க போக விடல. முழுசா பேசி முடிச்சாத்தானே அவன் என்ன முடிவு எடுக்கறான்னு நமக்குத் தெரியும், முடிவே எடுக்காத ஆளுக்காக நாம எப்படி பதறுறது.

இன்னொண்ணு, இந்த மாதிரி பெரிய படத்துல சண்டைக் காட்சியை எல்லாம் ப்ரீவிஸ்னு முன்கூட்டியே அனிமேஷன்ல வரைஞ்சு வச்சுக்குவாங்க, அதை வச்சுத்தான் ஷூட்டிங், பட்ஜெட் எல்லாம் போடறது. ஒரு தடவை அது பூட்டியாச்சுன்னா நடுவுல கதையை மாத்தறது பெரிய செலவு. வசனத்தை வெட்டறது ஈஸி, அதனால வெட்டு விழறது எப்பவும் வசனத்துக்குத்தான்.

சித்தூர்ப்புழை:

ராசா அண்ணா சொன்னதோட நான் ஒண்ணு சேர்க்கறேன். ஆர்தரோட தம்பி, கடல் ராஜா ஓர்ம், மனுஷங்க மேல போர் தொடுக்கணும்னு சொல்றதுக்கு என்ன காரணம்? கடல்ல நாம கொட்டற அசிங்கம். ஒரு பெரிய அலையை எழுப்பி, கடலுக்குள்ள கிடந்த குப்பை, போர்க்கப்பல் எல்லாத்தையும் திருப்பி நம்ம கரைக்கே தள்ளுவான், நியூஸ்ல காட்டுவாங்க, ஞாபகம் இருக்கா? எனக்கு அந்த இடத்துல மயிர் கூச்செறிஞ்சது. பிளாச்சிமடை நம்ம பக்கத்து ஊரு, கோகோ கோலா ஆலையால கிணத்துத் தண்ணி கெட்டுப்போச்சுன்னு 2002-ல போராட்டம் ஆரம்பிச்சு 2004-ல ஆலை மூடற வரைக்கும் மயிலம்மாவும் மத்த பொம்பளைங்களும் வெயிலுன்னு பாக்காம பந்தல்ல உக்காந்திருந்தாங்க. அப்படிப்பட்ட ஊர்ல பொறந்தவளுக்கு அவன் கேக்கற கேள்வி சும்மா வில்லன் வசனமா தெரியல, அதுல நியாயம் இருக்கு.

அந்த நியாயத்துக்கு ஆர்தர் என்ன பதில் சொன்னான்? ஒண்ணுமே இல்ல. அவனுக்கு நிலமும் சொந்தம் கடலும் சொந்தம், அப்பா இந்தப் பக்கம் அம்மா அந்தப் பக்கம், பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன்தான். நம்மள மாதிரி எல்லையில இருக்கறவங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்னு தெரியும், ரேஷன் கார்டு ஒரு பாஷை, வீட்டுல பேசறது ஒரு பாஷை, ரெண்டு பக்கமும் நீ அந்தப் பக்கத்து ஆளுன்னு சொல்லுவாங்க. படத்துல அவனை மத்தவங்க கலப்புன்னு திட்டறாங்க, அவன் பெரிய சண்டை போட்டு ஜெயிக்கறான், அதோட சரி. கடைசியில குப்பை என்ன ஆச்சுன்னு யாருமே கேக்கல.

பாலக்காடன்45:

எனக்கு இதுல உடன்பாடு இல்லைங்க. எல்லாப் படமும் அழ வைக்கணும்னு சட்டமா என்ன? டைரக்டர் ஜேம்ஸ் வான் ஒரு கடல் உலகத்தைக் காட்டறேன்னு வந்தாரு, காட்டினாரு. ஆக்டோபஸ் ட்ரம்ஸ் வாசிக்குது, சுறா மேல ஏறி சண்டைக்கு வர்றாங்க, என் பொண்ணு அப்ப ரெண்டாம் கிளாஸ், தியேட்டர்ல சீட்டு மேல ஏறி நின்னுட்டா. உலகம் பூரா 110 கோடி டாலருக்கு மேல வசூல், ஜனங்க சும்மாவா போனாங்க. கதை எளிமையா இருந்ததாலதான் குழந்தைங்களுக்குப் புரிஞ்சது.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அண்ணா குழந்தைங்க ரசிக்கறதை நான் குறையே சொல்லல, எங்க பையனும் அப்படித்தான் பார்த்தான். ஆனா அதே பையன் மின்னல் முரளின்ற மலையாள சூப்பர் ஹீரோ படம் பார்த்தப்ப, அதுல வர்ற வில்லனைப் பத்தி ஷிபு பாவம் மாமான்னு ராத்திரி தூங்கப் போறவரைக்கும் சொல்லிட்டே இருந்தான், அவனுக்கு மலையாளமும் தமிழும் ரெண்டும் வரும், அதனால எல்லாம் புரிஞ்சது. எளிமைக்கும் குழந்தைக்கும் பிரச்சினை இல்லைங்கண்ணா.

தத்தமங்கலம்டாக்கீஸ்:

மின்னல் முரளி பேச்சை எடுத்துட்டீங்க, இனி நான் சும்மா இருக்க முடியாது. 2021 டிசம்பர் 24 நெட்ஃப்ளிக்ஸ்ல வந்துச்சு, பேசில் ஜோசப் படம், ஹாலிவுட் பட்ஜெட் பக்கத்துல எல்லாம் வராது. ஷிபுவா நடிச்ச குரு சோமசுந்தரம் நம்ம தமிழ் நடிகர், ஆரண்ய காண்டம், ஜோக்கர் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஷிபுவுக்கு சக்தி வந்ததும் அவன் பேங்க் கொள்ளை அடிக்கப் போறது எதுக்கு? அவன் காதலிக்கற உஷாவோட பொண்ணு சிகிச்சைக்கு. 28 வருஷம் காத்திருந்தவன், அவ சரின்னு சொன்னதும் சிரிக்கறானா அழறானான்னே தெரியாம ஒரு முகம் காட்டுவாரு பாருங்க, அந்த குளோஸப்ல கிராபிக்ஸ் ஒரு துளி கிடையாது. அப்புறம் ஊரே சேர்ந்து அவன்கிட்ட இருந்து எல்லாத்தையும் பிடுங்கிடுது, அதுக்கு மேல அவன் ஊரைக் கொளுத்த வரும்போது நாம யார் பக்கம் நிக்கறதுன்னு தெரியாம தவிக்கறோம்.

இப்ப அக்வாமேன்ல பிளாக் மேன்டாவைப் பாருங்க, அதே அளவுக்கு கனமான விஷயம் அங்கயும் இருந்துச்சு. சப்மெரின்ல அப்பன் மாட்டிக்கிட்டான், தண்ணி ஏறுது, காப்பாத்துன்னு பையன் கெஞ்சறான், ஹீரோ திரும்பிப் பார்க்காம போயிடறான். ஹீரோ ஒருத்தனை சாகட்டும்னு விட்டுட்டுப் போற படம்! முழுப் படத்தையும் அது மேலயே கட்டியிருக்கலாம். நடுவுல ஒரு இடத்துல நான் காப்பாத்தியிருக்கலாம்னு ஆர்தர் வருத்தப்படறான், அவ்வளவுதான், மேன்டா சிசிலியில கூரை கூரையா ஓடி சண்டை போட்டுட்டு காணாமப் போயிடறான்.

நம்ம மண்ணுலயும் இது நடந்துச்சு. ஒடியன் படமும் அதே டிசம்பர் 14 தான் ரிலீஸ், ஹர்த்தாலையும் மீறி விடியக்காலை ஷோ போட்டாங்க. தேங்குறிச்சி மாணிக்கனா லாலேட்டன், அதான் மோகன்லால். ஒடியன் கதை கேக்காம இந்தப் பக்கத்துல யாரும் வளர்ந்திருக்க மாட்டோம், ராத்திரி காளையா நாயா ரூபம் மாறி வருவான், ஆனா அந்த மிருகத்துல எங்கயாவது ஒரு உறுப்பு குறையும், அதை வச்சுத்தான் கண்டுபிடிக்கணும்னு பாட்டி சொல்லுவாங்க, அப்புறம் கொல்லைப்பக்கம் போகவே பயம். ஊருக்கு கரண்ட் வந்தா ஒடியனுக்கு இருட்டு இல்ல, பொழப்பும் இல்ல, அந்த இழை படத்துலயே இருக்கு, எவ்வளவு அழகான சூப்பர் ஹீரோ கதை அது! அதை விட்டுட்டு ஸ்லோமோஷன்லயும் பீட்டர் ஹெய்ன் ஃபைட்லயும் போயிட்டாங்க. அந்த வருத்தம் எனக்கு அக்வாமேனை விட பல மடங்கு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

மேன்டா விஷயம் இப்பத்தான் சரியா பிடிபடுது, நன்றிங்க. ரெண்டாம் பாகம் நான் பார்க்கல, அதுலயாவது அவன் கதையை எடுத்தாங்களா?

ரெண்டர்ராசா:

2023 டிசம்பர்ல வந்துச்சு, மேன்டாதான் மெயின் வில்லன். ஆனா ஒரு கருப்பு திரிசூலம் கிடைச்சதும் அதுக்குள்ள இருக்கற பழைய ராஜா ஆவி அவனை ஆட்டி வைக்க ஆரம்பிச்சுடுது, அதுக்கப்புறம் கோவம் அப்பனை இழந்தவனோடதா ஆவியோடதான்னு தெரியல. கடைசியில அவன் பள்ளத்துல தொங்கும்போது ஆர்தர் கை நீட்டறான், அப்பனுக்கு நீட்டாத கையை பையனுக்கு நீட்டறான், அவன் பிடிக்க மாட்டேன்னு விழுந்துடறான். ரெண்டு படத்துக்கும் சேர்த்து அதுதான் பெரிய சீன், அங்க ஒரு மூச்சு விடக்கூட நிக்காம அடுத்த ஷாட்டுக்கு ஓடிட்டாங்க. பையனோட பாருங்க, அந்த இடம் வரும்போது பாஸ் பண்ணி அவன்கிட்ட கேளுங்க, என்ன சொல்றான்னு இங்க வந்து போடுங்க.