ஐசியூ வாஷ்பேசினில் கிளெப்சியெல்லா: ஹைப்போ ஊற்றியும் ஏன் திரும்ப வருகிறது?

ஐசிஎன்_சிஸ்டர்:
12 படுக்கை ஐசியூ. மெரோபெனெம் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத கிளெப்சியெல்லா கிருமி, ஒரு வாஷ்பேசினை ஒட்டிய 2 படுக்கைகளில் மட்டும் அடுத்தடுத்து வருகிறது. ஒரு நோயாளி போய் 3 வாரம் கழித்துத்தான் அடுத்தவருக்கு. கட்டில் கம்பி, மானிட்டர், சக்‌ஷன் எதிலும் ஒன்றும் வளரவில்லை. பேசின் சல்லடையில் வளர்ந்தது. தினம் 1% ஹைப்போ (குளோரின் ப்ளீச் கரைசல்) ஒரு லிட்டர் ஊற்றி நிறுத்தினால், 5-ஆம் நாள் ஸ்வாபில் (பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்த மாதிரி) மறுபடி இருக்கிறது. கழிவுக் குழாயையே மாற்றச் சொல்லலாமா?

மைக்ரோ_லேப்:
சிஸ்டர், சல்லடை அதன் வாசல்தான். வீடு கீழே, எப்போதும் தண்ணீர் நிற்கும் வளைந்த கழிவுக் குழாயில், அதாவது டிராப்பில். அங்கே குழாயின் உள்சுவரில் வழவழவென்று படிந்திருப்பது பயோஃபிலிம், அதாவது கிருமிகள் சேர்ந்து கட்டும் படலம். ஊற்றிய ஹைப்போ சில விநாடியில் ஓடிவிடும். மேல் அடுக்கு சாகும், அடியில் இருப்பது பிழைக்கும்.

வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் சோதனைக்காகவே பேசின்களை அமைத்துப் பார்த்தார்கள் (2017). டிராப்பில் விட்ட ஈ.கோலை, நாளுக்குச் சுமார் 2.5 செ.மீ. வீதம் மேலே படர்ந்து ஒரு வாரத்தில் சல்லடையைத் தொட்டது. அதன் பிறகே, தண்ணீர்க் குழாயைத் திறந்தபோது தெறித்துச் சுமார் 75 செ.மீ. வரை போனது. உங்கள் 5 நாள் கணக்கு இதை ஒட்டியே வருகிறது.

கவனிக்க வேண்டியது வேறொன்று: ஊட்டம் கிடைத்தால்தான் அப்படி ஏறியது. ஆக, அந்த பேசினில் என்னென்ன கொட்டுகிறார்கள் என்று இரண்டு ஷிஃப்ட் நின்று பாருங்கள். மிச்ச டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் டிரிப்), ரைல்ஸ் டியூப் ஃபீட் (மூக்கு வழிக் குழாயில் கொடுக்கும் உணவு), உடம்பு துடைத்த தண்ணீர், டீ... இவை எல்லாம் கிருமிக்குச் சாப்பாடு. கழிவு அறையில் கொட்டட்டும். கை கழுவும் பேசினில் கை மட்டும்.

எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் சென்சிடிவிட்டி ரிப்போர்ட் ஒரே மாதிரி இருப்பதால் ஒரே கிருமி என்று முடிவு கட்டாதீர்கள். நோயாளியின் ஐசொலேட் (வளர்த்துப் பிரித்த கிருமி), பேசின் ஐசொலேட் இரண்டையும் உறைய வைத்து, மருந்தை எதிர்க்க வைக்கும் என்டிஎம், ஆக்ஸா-48 ஜீன்களுக்குப் பிசிஆர் பாருங்கள், முடிந்தால் சீக்வென்சிங். இந்த ஜீன்கள் பெரும்பாலும் பிளாஸ்மிடில் (கிருமிக்குக் கிருமி கைமாறும் டிஎன்ஏ வளையம்) இருப்பதால் இன்று கிளெப்சியெல்லா, நாளை என்டெரோபாக்டர் என்று தாவும். கிளெப்சியெல்லாவை மட்டும் தேடினால் கோட்டை விடுவீர்கள்.

மெயின்டனன்ஸ்_எஞ்சினியர்:
டிராப்பை மட்டும் மாற்றினால் காசுதான் போகும். சுவருக்குப் பின்னால் பக்கத்து பேசின்களும் ஒரே லைனில் சேர்ந்தால் அங்கிருந்து திரும்ப வரும். முதலில் தெறிப்பை நிறுத்துங்கள். சல்லடையைச் சுற்றி ஃபுளோரசென்ட் சாயம் தடவி, குழாயை முழுதாகத் திறந்து, யூவி டார்ச் அடித்துப் பாருங்கள். டொரான்டோவில் 2004–06-இல் 36 பேருக்குப் பரவிய சூடோமோனாஸ் கிருமி விஷயத்தில் இப்படித்தான் பிடித்தார்கள். குறைந்தது 1 மீட்டர் தெறித்திருந்தது. தெறிக்காதபடி பேசினை மாற்றியமைத்த பிறகே பரவல் நின்றது.

தண்ணீர் நேராகச் சல்லடைமேல் விழுந்தால் குழாயின் மூக்கைத் திருப்புங்கள், வேகத்தைக் குறையுங்கள். 1 மீட்டருக்குள் மருந்து கலக்கும் டிரே வேண்டாம். இடமில்லையென்றால் நடுவில் அக்ரிலிக் தடுப்பு. டிராப்பைக் கழற்றியே தீர வேண்டுமானால் அந்த 2 படுக்கையும் காலியாக இருக்கும்போது, அடியில் வாளி வைத்து, கண்ணாடி, கையுறையோடு.

ஹைப்போ பற்றியும் ஒன்று: 5% கேனிலிருந்து 200 மி.லி. + 800 மி.லி. தண்ணீர் = 1%. வெயிலில் கிடந்த கேன் என்றால் வீரியம் குறைந்திருக்கும், அந்தக் கணக்கு பொய். அதோடு ஆசிட் கிளீனர் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். ஹவுஸ்கீப்பிங்கிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்.

ஐசிஎன்_சிஸ்டர்:
நன்றி சார். அந்த பேசினையே எடுத்துவிட்டால் கை கழுவ?

மைக்ரோ_லேப்:
எடுக்கலாம். நெதர்லாந்தில் நைமேகன் ராட்பவுட் மருத்துவமனையில் 2014-இல் ஐசியூ அறைகளிலிருந்த பேசின்களை எடுத்தார்கள். கிராம் நெகட்டிவ் கிருமிகள் (கிளெப்சியெல்லா, சூடோமோனாஸ் வகை) நோயாளிகள் உடம்பில் குடியேறுவது குறைந்தது, நாள்கணக்கில் தங்கியவர்களிடம் இன்னும் தெளிவாக. உடம்பு துடைக்க வைப்ஸ் கொடுத்தார்கள். படுக்கை ஒவ்வொன்றிலும் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஸ்பிரிட்) கைக்கு எட்ட இருக்கட்டும்: 3 மி.லி., 20–30 விநாடி. கையில் அழுக்கு தெரிந்தாலோ, சி.டிஃப் (ஒரு குடல் கிருமி) வயிற்றுப்போக்கு நோயாளி என்றாலோ ஸ்பிரிட் போதாது, சோப்புதான். அதற்கு நுழைவாயிலில் ஒரு பேசின் கட்டாயம் வேண்டும்.

பலன் தெரிய, அந்த 2 படுக்கைக்கு வருபவர்களுக்கு அட்மிஷன் அன்றும் பிறகு வாரம் ஒரு முறையும் ரெக்டல் ஸ்வாப் (ஆசனவாய் மாதிரி) எடுங்கள். அட்மிஷன் ஸ்வாப் எடுக்காமல் விட்டால், வெளியிலிருந்து குடலில் கொண்டுவந்ததையும் பேசின்மேல் போட்டுவிடுவீர்கள்.