புதுப்பிப்பு: மச்சானின் ஹெபடைடிஸ் பி ரிப்போர்ட்

சேலத்தில் ஒரு ரத்ததான முகாமுக்குப் போன என் அக்கா வீட்டுக்காரருக்கு கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான எச்பிஎஸ்ஏஜி டெஸ்ட் 'ரியாக்டிவ்', அதாவது பாசிட்டிவ், என்று வந்ததை இங்கே எழுதியிருந்தேன். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கச் சொன்னீர்கள். பார்த்தாயிற்று, அதே ரியாக்டிவ்.

எச்பிஎஸ்ஏஜி என்பது வைரஸின் மேலுறைப் புரதம். ஆறு மாதம் தாண்டியும் ரத்தத்தில் இருந்தால் நாள்பட்ட தொற்று என்று கணக்கு. டாக்டர் சொன்னதில் எனக்குப் புதிது இதுதான்: வைரஸ் இந்த உறையைத் தேவைக்கு மேல் ஏராளமாகத் தயாரித்து வெறும் கூடாக ரத்தத்தில் விடுமாம். உள்ளே டிஎன்ஏ இல்லாத கூடு தொற்றாது, ஆனால் டெஸ்டில் சுலபமாகச் சிக்கும். தடுப்பூசியில் இருப்பதும் ஈஸ்ட்டில் வளர்த்த இதே புரதம்தான்.

அதனால் ரியாக்டிவ் என்றவுடன் எல்லோருக்கும் மாத்திரை கிடையாது. வைரஸ் டிஎன்ஏ அளவு, ஏஎல்டி என்ற கல்லீரல் நொதியின் அளவு, ஸ்கேன் எல்லாம் பார்த்துத்தான் முடிவு. மச்சானுக்கு இப்போதைக்குக் கண்காணிப்பு மட்டும்.

அக்காவுக்குத் தொற்று இல்லை, எதிர்ப்பு சக்தியும் இல்லை, தடுப்பூசி தொடங்கியாயிற்று. அத்தைதான் மச்சானின் தட்டு, டம்ளரில் நெயில் பாலிஷால் சிவப்புப் பொட்டு வைத்துத் தனியாகக் கவிழ்த்திருந்தார். சேர்ந்து சாப்பிடுவதால் பரவாது, ஷேவிங் பிளேடும் டூத் பிரஷும்தான் தனியாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியும் அரை மனசுதான்.

அப்புறம், ஏற்காட்டிலிருந்து கீழாநெல்லி அனுப்புவதாகச் சொன்ன நண்பருக்கு: 1988இல் சென்னை ஆய்வு ஒன்றில் அதைச் சாப்பிட்ட பலருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்ததாக லான்செட் மருத்துவ இதழில் வந்தது உண்மைதான். பின்னால் வேறு இடங்களில் செய்த ஆய்வுகளில் அது உறுதியாகவில்லை. அனுப்ப வேண்டாம்.