சார்பைப் பிரித்து எழுத ஒரே வழிதான் உண்டா?

கேள்வி:
வணக்கம். √(எக்ஸ்² − 6எக்ஸ் + 13) என்னும் சார்பை இரு சார்புகளின் சேர்ப்பாக (உட்சார்பு தரும் விடையை வெளிச்சார்புக்குள் இடுவதாக) எழுதுமாறு ஒரு பயிற்சிக் கணக்கு. உட்சார்பு எக்ஸ்² − 6எக்ஸ் + 13, வெளிச்சார்பு வர்க்கமூலம் என்று எழுதினேன். விடைப்பகுதியிலோ உட்சார்பு எக்ஸ் − 3 என்றும், வெளிச்சார்பு √(எக்ஸ்² + 4) என்றும் இருக்கிறது. மூன்று முறை சரிபார்த்தும் என் பிழை எதுவென்று பிடிபடவில்லை.

மறுமொழி 1:
பிழையே இல்லை, இரண்டும் சரி. வர்க்க நிரப்பியாக மாற்றினால் மூலக்குறிக்குள் (எக்ஸ் − 3)² + 4 கிடைக்கும். அதாவது, உள்ளே போகும் எண்ணிலிருந்து 3-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 4-ஐக் கூட்டி, வர்க்கமூலம் காண்கிறோம். இந்த நான்கு படிகளை எந்த இடத்தில் வெட்டினாலும் ஒரு விடை கிடைக்கும். விடைப்பகுதி முதற்படிக்குப் பின் வெட்டியிருக்கிறது, நீங்கள் மூன்றாம் படிக்குப் பின் வெட்டியிருக்கிறீர்கள். இரண்டாம் படிக்குப் பின் வெட்டினால் உட்சார்பு (எக்ஸ் − 3)², வெளிச்சார்பு √(எக்ஸ் + 4). சமனிச் சார்பை (கொடுத்த எண்ணை அப்படியே திருப்பித் தருவதை) ஒரு பக்கம் வைத்தும் பிரிக்கலாம். ஆனால் அதைப் பிரித்தல் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை.

மறுமொழி 2:
எதைத் தேர்வது என்பது அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்பதைப் பொறுத்தது. சேர்ப்புச் சார்புகளை வகையிட உதவும் சங்கிலி விதியால் வகையிட உங்கள் பிரிப்பே வசதி. (எக்ஸ் − 3)/√(எக்ஸ்² − 6எக்ஸ் + 13) என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். தொகையிட வேண்டுமானால், தெரிந்த வடிவத்துக்குக் கொண்டுவரும் விடைப்பகுதியின் பிரிப்பையே நான் எடுப்பேன்.

பல்லுறுப்புக்கோவைகளில் இந்தச் சுதந்திரத்துக்கு ஓர் எல்லை உண்டு. எக்ஸ்⁶ என்பதை வர்க்கத்தின் கனமாகவும் கனத்தின் வர்க்கமாகவும் எழுதலாம். கலப்பெண் கெழுக்களைக் கொண்ட ஒரு பல்லுறுப்புக்கோவையை, படி (எக்ஸின் மிக உயர்ந்த அடுக்கு) 1-ஐவிடப் பெரியதும் மேலும் பிரிக்க இயலாததுமான கோவைகளின் சேர்ப்பாக எப்படி எழுதினாலும், அவற்றின் எண்ணிக்கை மாறாது, படிகளின் வரிசை மட்டுமே மாறலாம் என்று கணிதவியலாளர் ஜோசப் ரிட் 1922-இல் நிறுவினார்.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்படியானால் எக்ஸ் என்னும் சார்பையே, உள்ளே வர்க்கமூலம், வெளியே வர்க்கம் என்று பிரிக்கலாமா?

மறுமொழி 1:
மெய்யெண்களில் இயலாது, மதிப்பகம், அதாவது சார்புக்குள் இடக்கூடிய எண்களின் தொகுப்பு, சுருங்கிவிடும். −5-ஐக் கொடுத்துப் பாருங்கள்: முதற்படியிலேயே வர்க்கமூலம் இல்லாமல் நின்றுவிடும். வரிசையை மாற்றி, வர்க்கப்படுத்தியபின் மூலம் கண்டால் 5 வரும். அது எக்ஸின் மட்டு மதிப்பே தவிர எக்ஸ் அன்று. எனவே சேர்த்துப் பார்த்துச் சரிபார்க்கும்போது, கோவை ஒத்துவருகிறதா என்பதோடு மதிப்பகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் முதற்கணக்கில் மூலக்குறிக்குள் உள்ளது ஒருபோதும் 4-க்குக் கீழே இறங்காததால் அங்கே இந்தச் சிக்கல் எழவில்லை.