மீசையோடு ஒட்டாத குறுந்தாடிக்கு என்ன பெயர்?

கேள்வி: சலூனில் ‘பிரெஞ்ச் தாடி’ என்றால் மீசையையும் தாடியையும் வளையமாகச் சேர்த்துவிடுகிறார்கள். மீசை தனி, தாடி தனி என்று நிற்கும் வகைக்குப் பெயர் என்ன? வீட்டிலேயே வெட்டலாமா?

பதில் 1: அது வான் டைக். ஓவியர் ஆன்டனி வான் டைக் (1599–1641) பெயரில் வந்தது. இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் முகத்தை மூன்று கோணங்களில் ஒரே படத்தில் அவர் தீட்டியிருக்கிறார். ரோமில் இருந்த சிற்பி பெர்னினி அதைப் பார்த்துச் சிலை செதுக்க வேண்டும் என்பதற்காக வரைந்தது, அதனால் தாடியின் பக்கவாட்டு வடிவம்கூட அழகாகத் தெரியும். சலூனில் காட்ட அதுவே அருமையான மாதிரி.

பதில் 2: வீட்டில் தாராளமாக வெட்டலாம். முதலில் மூன்று, நான்கு வாரம் எதையும் தொடாமல் வளர விடுங்கள். கன்னத்தையும் கழுத்தையும் வழித்துவிட்டு, வாயோரத்தில் மீசைக்கும் தாடிக்கும் நடுவே ஒரு விரல் அகலம் இடைவெளி எடுங்கள். தாடியின் பக்கங்களுக்கு ட்ரிம்மரில் 5 மி.மீ. சீப்பு போதும், நுனியைக் கத்தரியால் மட்டும் கூராக்குங்கள். ஈரமுடியில் வெட்டாதீர்கள், காய்ந்ததும் சுருண்டு குட்டையாகிவிடும். பலரும் கெடுப்பது இரு பக்கத்தையும் சமன் செய்யும்போதுதான்: மாறி மாறி வெட்டி தாடியே கரைந்துவிடும். மூக்கின் நடுவிலிருந்து நேர்கோடு பார்த்து, கண்மைப் பென்சிலால் எல்லையை வரைந்துகொண்டு தொடங்குங்கள்.

பதில் 3: மீசையே இல்லாமல் மோவாயில் மட்டும் விட்டால் அதுதான் அசல் ‘கோட்டீ’ (goatee), ஆட்டுத்தாடி. 1940களில் ஜாஸ் கலைஞர் டிஸ்ஸி கில்லெஸ்பியின் குறுந்தாடியையும் வட்டத் தொப்பியையும் ரசிகர்கள் அப்படியே பின்பற்றினார்கள்.